நாவல் வாசகரின் கருத்து: வகையும் மதிப்பீடும்

நாவலைப் படித்து முடித்தவர் அதைப் பற்றிச் சொல்லும் கருத்துதான் இலக்கிய விமர்சனத்தின் எளிய வடிவம். பிடித்தது, பிடிக்கவில்லை என்ற தீர்ப்பு முதலில் வந்துவிடும். காரணம் பிறகு வரும். பல சமயம் வராமலே போகும். கோட்பாடு பேசும் விமர்சகர்கள் இதை ரசனைக் குறிப்பு என்று ஒதுக்குவது வழக்கம். ஆனாலும் ஒரு நாவல் மறக்கப்படாமல் அடுத்த தலைமுறையின் கைக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் இத்தகைய குறிப்புகளால்தான். நண்பர் சொல்லி, நூலகர் எடுத்துக் கொடுத்து, பத்திரிகையில் யாரோ எழுதியதைப் பார்த்துத்தான் வாசகர்கள் அடுத்த புத்தகத்தைத் தேடுகிறார்கள்.

இந்தக் கருத்துகளில் சிக்கல் எழும் இடம் நாவலின் வகை. ஒரே வாசகர் ஒரு சரித்திர நாவலையும், ஒரு துப்பறியும் கதையையும், ஒரு குடும்பக் கதையையும், பிறமொழியிலிருந்து வந்த ஓர் இலக்கிய நாவலையும் அடுத்தடுத்துப் படிக்கிறார். நான்கையும் ஒரே தராசில் நிறுத்தால் மூன்றுக்கு அநியாயம் நடந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தராசு வைத்தாலோ, எது சிறந்த நாவல் என்ற கேள்விக்கே விடை இருக்காது. தமிழ் விமர்சனம் தன் நூற்றாண்டு வரலாற்றில் இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்தது குறைவு. இலக்கியம் என்றும் இலக்கியம் அல்லாதது என்றும் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு அப்பால் உள்ளதைப் பேசாமல் விட்டதே பெரும்பாலும் நடந்தது.

நாவல் வருவதற்கு முன்பே, ஒரு நூல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழில் அளவுகோல் இருந்தது. நன்னூல் பாயிரம் நூலுக்குப் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வரிசைப்படுத்துகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்பவை குற்றங்களில் சில. இலக்கண ஆசிரியர் இவற்றை நாவலுக்காக எழுதவில்லை. ஆனால் தொடர்கதையாக வந்து புத்தகமான எந்த நாவலையும் படித்தவர் சொல்லும் முதல் குறை, சொன்னதையே சொல்கிறது, இழுக்கிறது என்பதுதான். அந்த வகையில் இன்றைய வாசகர் கையாளும் அளவுகோல் முற்றிலும் இறக்குமதி அல்ல.

தமிழின் முதல் நாவலான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியது. பி. ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ ‘விவேக சிந்தாமணி’ இதழில் 1893 முதல் தொடராக வந்தது. அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898இல் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் ஆகியோரின் துப்பறியும் கதைகளும் மர்மக் கதைகளும் சந்தையை நிறைத்தன. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925இலிருந்து ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, பெண் வாசகர்களின் பெருங்கூட்டம் ஒன்றை உருவாக்கினார். இந்தக் காலத்தில் நாவலைப் பற்றிப் பொதுவெளியில் எழுந்த கருத்து பெரும்பாலும் ஒழுக்கத்தைப் பற்றியது: நாவல் படிப்பது பொழுதைக் கெடுக்குமா, இளைஞர்களையும் பெண்களையும் கெடுக்குமா என்பதே பேச்சு. தனித்தனி நாவலைப் படித்துச் சொன்ன கருத்து அதில் அரிது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ என்ற நூல் அந்தக் காலத்து வாசிப்புப் பழக்கங்களைச் சமூக வரலாறாக விரித்துக் காட்டுகிறது.

தனிப்பட்ட வாசகரின் கருத்தைத் தமிழில் ஒரு விமர்சன முறையாகவே நிலைநிறுத்தியவர் க.நா.சு. எனப்படும் க. நா. சுப்ரமண்யம் (1912–1988). 1957இல் வெளிவந்த அவருடைய ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற நூலின் தலைப்பே அந்த முறையைச் சொல்லிவிடுகிறது. ஒரு நூலைத் தான் படித்திருப்பதாகவும், அது தனக்கு நல்ல நூலாகப் பட்டதாகவும், வாசகரும் அதைப் படித்துப் பார்க்கலாம் என்றும் சொல்கிற எழுத்து அது. ‘முதல் ஐந்து தமிழ் நாவல்கள்’ என்ற நூல் தொடக்ககால நாவல்களை அதே கண்ணோட்டத்தில் மீண்டும் படித்தது. 1959இல் ‘விமரிசனக் கலை’ வந்தது. அவர் நடத்திய ‘இலக்கிய வட்டம்’ இதழ் சில ஆண்டுகளே வந்தாலும், சிறுபத்திரிகை உலகில் பெரிய பாதிப்பை ஏற்படுத்தியது. க.நா.சு. ‘பொய்த்தேவு’ (1946) போன்ற நாவல்களை எழுதியவர். நட் ஹாம்சனின் ‘நிலவளம்’, செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’, பேர் லாகர்குவிஸ்டின் ‘அன்பு வழி’ ஆகியவற்றைத் தமிழாக்கியவரும் அவரே. எழுதியும் மொழிபெயர்த்தும் பழகிய ஒரு கையிலிருந்துதான் அந்தக் கருத்துகள் பிறந்தன.

க.நா.சு.வின் முக்கியக் கருவி பட்டியல். சிறந்த நாவல்கள், கவனிக்க வேண்டிய எழுத்தாளர்கள் என்று அவர் மீண்டும் மீண்டும் பட்டியல் போட்டார். ஒரு பட்டியலில் இருந்த பெயர் அடுத்ததில் இல்லாமல் போவதும் உண்டு. இதைக் கேலி செய்தவர்கள் பலர். ஆனால் அந்தப் பட்டியல்கள் செய்த வேலையைக் கேலி அழித்துவிடாது. கொங்கு நாட்டு ஆர். சண்முகசுந்தரம் 1942இல் வெளியிட்ட ‘நாகம்மாள்’ பெரும்பத்திரிகைகளின் வெளிச்சத்துக்கு வெளியே இருந்த நாவல். அது இன்று தமிழின் முதன்மையான நாவல்களில் ஒன்றாகப் பேசப்படுவதற்கு, க.நா.சு. விடாமல் அதன் பெயரைச் சொல்லி வந்ததும் ஒரு காரணம். பல்கலைக்கழகங்கள் சமகால நாவலைத் தொடத் தயங்கிய காலத்தில் ஒரு தனி வாசகரின் விடாப்பிடியான நினைவு அந்த வேலையைச் செய்தது.

அந்த முறையின் குறை, காரணம் சொல்லாமை. ஒரு நாவல் சிறந்தது என்று க.நா.சு. சொல்வார். ஏன் என்று கேட்டால், படித்துப் பார்த்தால் தெரியும் என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். வாசகரின் நுண்ணுணர்வின் மேல் அவர் வைத்த நம்பிக்கை அது. அந்த நுண்ணுணர்வு வாய்க்காதவருக்கோ பட்டியல் வெறும் ஆணையாகவே நின்றது. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. கல்கியையும், வார இதழ்த் தொடர்கதையையும், துப்பறியும் கதையையும் அவர் ஒரே வீச்சில் வணிக எழுத்து என்று வெளியே நிறுத்தினார். வணிகத்துக்குள் நன்றாகச் செய்யப்பட்டது எது, மோசமாகச் செய்யப்பட்டது எது என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை. அவரைப் பின்பற்றியவர்களும் எழுப்பவில்லை.

க.நா.சு.வுக்கு எதிர்ப்பு இரு பக்கமிருந்து வந்தது. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கி 1970 வரை நடத்திய ‘எழுத்து’ இதழ், அபிப்பிராயம் மட்டும் போதாது, படைப்பைப் பகுதி பகுதியாக அலசிக் காட்ட வேண்டும் என்று வலியுறுத்தியது. யாழ்ப்பாணத்து மார்க்சியப் பேராசிரியர் க. கைலாசபதி (1933–1982) வேறொரு திசையிலிருந்து தாக்கினார். அவருடைய ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நாவலின் தோற்றத்தைச் சமூக மாற்றத்தோடும் நடுத்தர வர்க்கத்தின் எழுச்சியோடும் சேர்த்துப் படித்தது. பின்னர் வந்த ‘திறனாய்வுப் பிரச்சினைகள்’ க.நா.சு. குழுவின் ரசனை முறையை நேரடியாகவே மறுத்தது. கைலாசபதியின் நாவல் நூலுக்கு விமர்சகர் வெங்கட் சாமிநாதன் கடுமையான மறுப்பு எழுதினார். இந்தச் சண்டையில் இரு தரப்பும் ஒன்றுபட்ட ஓர் இடம் உண்டு. அழகியல்வாதியும் மார்க்சியரும் ஜனரஞ்சக நாவலை நச்சு என்றே கருதினார்கள். ஒருவருக்கு அது கலையைக் கெடுத்தது, மற்றவருக்கு மக்களின் விழிப்பைக் கெடுத்தது. லட்சக்கணக்கானவர்கள் படித்த நாவல்களைப் பற்றி இருவரும் சொன்னது சில வரிகளே.

அடுத்த தலைமுறையில் ஜெயமோகனின் ‘நாவல்’ (1992), வடிவத்தைப் பற்றிய கேள்வியை முன்வைத்தது. தமிழில் நாவல் என்று பெயர் பெற்றவற்றில் பல உண்மையில் குறுநாவல்களே, வாழ்க்கையின் முழு விரிவைத் தழுவும் ஆசை அவற்றில் இல்லை என்பது அந்த நூலின் வாதம். இந்த வாதத்தை ஏற்காதவர்களும் அதன்பின் நாவலின் அளவு, விரிவு பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. வகைகளைப் பொறுத்தவரை அவர் செய்த இன்னொரு வேலைதான் கூடுதல் பயன் தருவது. ‘நவீனத் தமிழிலக்கிய அறிமுகம்’ நூலில், இலக்கிய நாவல்களின் பட்டியலுக்குப் புறம்பாக, சரித்திர மிகுகற்பனைகளுக்கும் (ரொமான்ஸ்) சமூக மிகுகற்பனைகளுக்கும் தனிப் பட்டியல்கள் தந்தார். ஒரு வகைக்குள்ளேயே நல்லதும் அல்லாததும் உண்டு என்பதை இது ஏற்றுக்கொள்கிறது. தமிழ் விமர்சனம் அங்கிருந்து மேலே சென்றிருக்க வேண்டும். அதிகம் செல்லவில்லை.

துப்பறியும் நாவலை எடுத்துக்கொண்டால், மேல்நாட்டில் இந்த வகைக்கு வாசகர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்தே விதி வகுத்தார்கள். எஸ். எஸ். வான் டைன் 1928இல் இருபது விதிகளையும், ரொனால்ட் நாக்ஸ் 1929இல் பத்துக் கட்டளைகளையும் வெளியிட்டார்கள். துப்பறிபவர் கண்ட தடயம் வாசகர் கண்ணிலும் பட வேண்டும், தற்செயல் நிகழ்ச்சி மர்மத்தை அவிழ்க்கக் கூடாது என்பவை அவற்றின் சாரம். 1944இல் ரேமண்ட் சாண்ட்லர் இந்தப் புதிர் விளையாட்டையே எதிர்த்து, கொலை உண்மையான மனிதர்கள் உண்மையான காரணங்களுக்காகச் செய்வது என்று எழுதினார். அடுத்த ஆண்டு எட்மண்ட் வில்சன் இந்த வகை முழுவதும் வீண் என்று ஒரு கட்டுரையில் தள்ளிவிட்டார். மூன்று நிலைகளிலும் வாசகர் தன் காரணத்தைச் சொல்கிறார் என்பதே கவனிக்க வேண்டியது.

தமிழில் சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகளும், ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமாரின் கதைகளும், பட்டுக்கோட்டை பிரபாகரின் கதைகளும் பல பத்தாண்டுகள் பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் விற்றன. மாத நாவல் என்ற அச்சு வடிவம் அந்தக் கதைகளின் உடலைத் தீர்மானித்தது. பக்கம் குறைவு, விலை குறைவு, தேதி தவறக் கூடாது. எனவே இரண்டு இழைகளைத் தனித்தனியே ஓட்டிக் கடைசி அத்தியாயத்தில் முடிச்சுப் போடும் உத்தி இந்த வகையில் ஓர் இலக்கணமாகவே ஆனது. அந்த முடிச்சு நியாயமாக விழுந்ததா, தடயம் முன்கூட்டியே தரப்பட்டதா என்று பார்ப்பதுதான் இந்த வகைக்கு உரிய கேள்வி. பாத்திரத்தின் உள்மனம் ஆழமாக இல்லை என்று குறை சொல்வது எளிது. அந்த வகை தராத வாக்குறுதிக்காக அதைத் தண்டிப்பதாகவே அது முடியும். 2008இல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம், பிரீதம் சக்ரவர்த்தி மொழிபெயர்ப்பில், தமிழ் ஜனரஞ்சகக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பை வெளியிட்ட பிறகுதான் பலருக்கு இந்த எழுத்தை ஆராயலாம் என்ற எண்ணமே வந்தது. அந்தக் கவனம் ஆங்கிலம் வழியாக வர வேண்டியிருந்தது என்பது வருத்தத்துக்குரியது.

சரித்திர நாவலுக்குக் கேள்வி வேறு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதன் மையத்தில் இருக்கும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலைக்குச் சான்று தருவது காட்டுமன்னார்கோயிலுக்கு அருகிலுள்ள உடையார்குடிக் கல்வெட்டு. அதில் கொலை செய்த துரோகிகளாக ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்கள் உள்ளன. பின்னாளில் ராஜராஜ சோழனான அருண்மொழிவர்மன் அரியணையைத் தன் சிற்றப்பாவுக்கு விட்டுக்கொடுத்த செய்தி, ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் வருகிறது. நாவலில் வரும் நந்தினி கற்பனைப் பாத்திரம். நாவலைப் படித்தவர் இந்த மூன்றையும் பிரித்தறிந்து, சான்று முடிந்த இடத்தில் கற்பனை எப்படித் தொடங்குகிறது, அந்தத் தையல் தெரிகிறதா என்று சொன்னால் அது நல்ல கருத்து. வந்தியத்தேவன் என்ற பாத்திரம் பிடித்தது என்பதோடு நின்றுவிட்டால் அது பாதிக் கருத்துதான். சாண்டில்யனின் ‘கடல் புறா’, ‘யவன ராணி’ போன்றவற்றையும் இதே கேள்வியால் அளக்கலாம். கடலோட்டத்தையும் போர்முறையையும் அவர் விவரிக்கும் விதம் அங்கே வலுவாகவும், காதல் காட்சிகளின் திரும்பத் திரும்ப வரும் அச்சு பலவீனமாகவும் தெரியும்.

குடும்பக் கதைகளும் காதல் கதைகளும் தமிழில் மிக அதிகமாகப் படிக்கப்பட்டு மிகக் குறைவாகப் பேசப்பட்டவை. ரமணிசந்திரனின் நாவல்களை நூலகங்களில் காத்திருந்து எடுத்துப் படித்த பெண்கள் பலர். அவர்களுடைய கருத்து அச்சில் ஏறவில்லை. வீட்டுக்குள், தோழியரிடையே, புத்தகம் கைமாறும்போது பேசிக்கொண்டதோடு போயிற்று. தமிழ் வாசிப்பின் வரலாற்றில் இது பெரிய இழப்பு.

வாசகரின் கருத்து ஒரு மொழிக்குள் மட்டும் உருவாவதில்லை என்பதற்கு, தமிழும் தெலுங்கும் சந்திக்கும் சித்தூர்–திருப்பதி வட்டாரம் நல்ல சான்று. முன்பு சொன்ன செப்பேடுகளின் ஊரான திருவாலங்காடு, கல்கி ‘பொன்னியின் செல்வ’னை எழுதத் தொடங்கிய காலத்தில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1911இல் உருவான அந்த மாவட்டம் 1953இல் ஆந்திரத்தோடு சேர்ந்தது. திருவாலங்காடு உள்ளிட்ட திருத்தணி வட்டாரம் 1960இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைக் கோடு எத்தனை முறை நகர்ந்தாலும் இங்கே வாசிப்பில் இரு மொழியும் கலந்தே இருந்திருக்கின்றன. திருமலைக்கு நடந்து ஏறுவோரின் படிகள் தொடங்கும் அலிபிரியில் தமிழும் தெலுங்கும் அன்றாடம் காதில் விழும். திருப்பதி தேவஸ்தானத்தின் ‘சப்தகிரி’ மாத இதழ் தெலுங்கோடு தமிழிலும் வெளிவருகிறது. ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை இருக்கிறது. அலிபிரியிலிருந்து படிக்கும் ஒருவருக்கு இரு மொழி நாவல்களும் ஒரே அலமாரியில் இருப்பது இயல்பு.

இந்த வட்டாரம் வாசகர் கருத்துக்கு ஒரு முன்னோடியையும் தந்திருக்கிறது. சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில் 1880இல் பிறந்த கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி, ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அறியப்பட்டவர். அவருடைய ‘கவித்வ தத்வ விசாரமு’ தெலுங்கு நவீன விமர்சனத்தின் தொடக்க நூல்களில் ஒன்று. பிங்கலி சூரனா பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய ‘களாபூர்ணோதயமு’ என்ற காவியத்தைப் படித்து அவர் கொண்ட கருத்துகளே அந்த நூலின் அடிப்படை. புராணத்திலிருந்து எடுக்காமல் முழுவதும் கற்பனையாகக் கட்டிய கதை, ஒன்றுக்குள் ஒன்றாகச் செல்லும் அமைப்பு, விடுகதைபோல் பின்னோக்கி அவிழும் மர்மம் ஆகியவற்றால் அந்தக் காவியத்தை இந்திய நாவலின் முன்னோடி என்று பின்னர் வந்த அறிஞர்கள் சொன்னதுண்டு. வெல்சேரு நாராயண ராவும் டேவிட் ஷுல்மனும் அதை 2002இல் ஆங்கிலத்தில் தந்தார்கள். ராமலிங்க ரெட்டி மரபான அலங்கார சாஸ்திரத்தின் பட்டியலை வைத்துக்கொண்டு மதிப்பெண் போடவில்லை. பிரபந்தக் கவிகளின் மிகை வருணனையைக் குறை சொன்னார், கதைக்கட்டையும் கற்பனையையும் முன்னே வைத்தார். தன் ரசனையை மறைக்காமல், அதற்கான காரணத்தையும் கூடவே வைத்த எழுத்து அது. பண்டிதர்களிடையே அது எழுப்பிய எதிர்ப்பும் அந்தக் காரணங்களால்தான் பயனுள்ள விவாதமாக இருந்தது.

வகைப் பிரிவின் எல்லையைக் காட்ட இதே மாவட்டத்து நாவலாசிரியர் ஒருவரின் நூல்கள் மிகப் பொருத்தமானவை. சித்தூர் மாவட்டத்தில் 1946இல் பிறந்த கேசவ ரெட்டி, நிஜாமாபாதை அடுத்த டிச்பள்ளியில் தொழுநோய் மருத்துவராகப் பணியாற்றியவர். 2015இல் மறைந்தார். பணியாற்றியது தெலங்கானாவில் என்றாலும், எழுதியது பெரும்பாலும் பிறந்த மண்ணைப் பற்றித்தான். 1984இல் வந்த ‘அதடு அடவினி ஜயிஞ்சாடு’, பன்றி வளர்த்துப் பிழைக்கும் கிழவர் ஒருவர், வழிதவறிய தன் பன்றியைத் தேடிக் காட்டுக்குள் போவதைச் சொல்கிறது. கதை ஓர் இரவுக்குள் நடந்து முடிகிறது. காடு, நரிகள், கையில் ஓர் ஈட்டி, கிழவரின் நினைவுகள் இவை மட்டுமே கதையின் பொருள்கள். ஏ. ஜி. எத்திராஜுலுவின் மொழிபெயர்ப்பில் ‘அவன் காட்டை வென்றான்’ என்று நேஷனல் புக் டிரஸ்ட் இதைத் தமிழில் வெளியிட்டது.

சாகசக் கதையாக எடுத்துப் படித்தால் இது விறுவிறுப்பான நாவல். அடுத்து என்ன ஆகும் என்ற பதற்றம் ஓரிடத்திலும் தளரவில்லை. சமூக நாவலாகப் படித்தால், ஒரு பன்றியும் அதன் குட்டிகளும் ஏன் ஒரு மனிதனின் முழு வாழ்வாதாரமாக இருக்கின்றன என்ற கேள்வி வெறும் வாதமாக நிற்காமல் காட்சியாக விரிகிறது. தத்துவ நாவலாகப் படித்தால், காட்டை வெல்வது என்றால் என்ன என்ற தலைப்பின் கேள்வி கடைசிப் பக்கத்துக்குப் பிறகும் முடியவில்லை. ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ (1952) நாவலோடு இதை ஒப்பிடாத வாசகர் குறைவு. ஒப்பீடு நியாயமானதே. ஆனால் ஹெமிங்வேயின் கிழவன் தன் பெருமைக்காகவும் போராடுகிறான். சித்தூர்க் காட்டுக் கிழவருக்கு அந்த வசதி இல்லை. இழப்பு அவருக்கு நேராக வயிற்றில் விழும் இழப்பு. இந்த வேறுபாட்டைக் காணும் இடத்தில்தான் ஒப்பீட்டால் பயன் உண்டாகிறது.

கேசவ ரெட்டியின் ‘முனெம்மா’ வகையை இன்னும் குழப்புகிறது. மாட்டை விற்கப் போன கணவன் திரும்பவில்லை. மனைவி அந்தக் காளையோடு அவனைத் தேடிக் கிளம்பி, கொலையைக் கண்டறிந்து பழி தீர்க்கிறாள். குற்றம், தேடல், தண்டனை என்ற துப்பறியும் கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. ஆனால் காளைக்கும் பெண்ணுக்கும் இடையிலான உறவை நாவல் தொன்மத்தின் தளத்துக்குக் கொண்டுபோகிறது. அந்தச் சித்திரிப்பு தெலுங்கில் பெண்ணிய நோக்கில் கடும் விவாதத்தை எழுப்பியது. அந்த விவாதத்தில் பங்கெடுத்தவர்கள் நாவலின் விறுவிறுப்பை மறுக்கவில்லை. அந்த விறுவிறுப்பு யாருடைய பார்வையிலிருந்து பிறக்கிறது என்று கேட்டார்கள். அவருடைய ‘சிட்டி பியூட்டிஃபுல்’ ஒரு மருத்துவ மாணவனின் மனவோட்டத்தைப் பின்தொடரும் நாவல். ‘மூகவானி பில்லனக்ரோவி’ நிலத்தை இழந்த விவசாயியின் கதையை மாயத்தோடு கலக்கிறது. ஒரே எழுத்தாளர், ஒரே மண், நான்கு வகை நாவல்கள். இலக்கியம் ஒரு பக்கம், வகைநாவல் இன்னொரு பக்கம் என்ற கோடு இவர் முன்னால் நிற்காது.

திருப்பதிப் பகுதிக் கிராம வாழ்க்கையை அந்த மண்ணின் பேச்சிலேயே எழுதியவர் நாமினி. ‘மிட்டூரோடி கதலு’ போன்ற தொகுப்புகளுக்குப் பிறகு 2014இல் வந்த ‘மூலிண்டாமெ’ என்ற நாவல் பரவலாகப் பேசப்பட்டது. தமிழ்ச் சொற்கள் தாராளமாகப் புழங்கும் தெலுங்கு அது. தமிழ் அறிந்த வாசகர் அதில் காணும் நெருக்கம் கடலோர ஆந்திரத்து வாசகருக்குக் கிடைக்காது. வாசகர் எங்கே நின்று படிக்கிறார் என்பதும் கருத்தின் ஒரு பகுதி என்பதற்கு இது நேரடிச் சான்று.

தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தவற்றில் மிக அதிகமாகப் படிக்கப்பட்டவை எண்டமூரி வீரேந்திரநாத்தின் நாவல்கள். பில்லி சூனியத்தை மையமாகக் கொண்ட ‘துளசி தளம்’ சுசீலா கனகதுர்காவின் தமிழில் பெரும் வரவேற்பைப் பெற்றது. மூடநம்பிக்கையை வளர்க்கிறது என்ற கண்டனமும் அந்த நாவலுக்கு எழுந்தது. திகில் நாவலின் வேலை பயமுறுத்துவது. மருத்துவ விளக்கத்தையும் மாந்திரீக விளக்கத்தையும் மாறி மாறி வைத்து வாசகரை ஊசலாட விடும் கட்டுமானத்தில் அந்த நாவல் தன் வேலையை நன்றாகவே செய்கிறது. கண்டனமும் பொருளற்றது அல்ல. இரண்டையும் ஒரே கருத்தில் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும். எண்டமூரியின் நாவல்கள் பலவற்றைத் தமிழாக்கிய கௌரி கிருபானந்தன்தான் வோல்காவின் ‘மீட்சி’யையும் தமிழுக்குத் தந்து, சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர். விமர்சகர் கடக்க மறுத்த கோட்டை மொழிபெயர்ப்பாளர் அலட்டிக்கொள்ளாமல் கடந்திருக்கிறார்.

அண்மையில் படித்த நாவலைப் பற்றிச் சொல்லும் கருத்துக்கென்று ஒரு பலமும் ஒரு பலவீனமும் உண்டு. முதல் வாசிப்பின் சூடு ஆறுவதற்குள் சொல்லும் கருத்தில் காட்சிகள் துல்லியமாக இருக்கும். எந்த அத்தியாயத்தில் தொய்ந்தது, எங்கே கீழே வைக்க முடியவில்லை என்பது நினைவில் நிற்கும். மறுவாசிப்பில்தான் அமைப்பு தெரியும். ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் ஆசிரியர் பெயரை மறைத்து மாணவர்களுக்குக் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதிய கருத்துகளை 1929இல் நூலாக்கினார். புகழ்பெற்ற கவிதைகளை மாணவர்கள் தள்ளியதும், சாதாரணமானவற்றைப் புகழ்ந்ததும் அதில் பதிவாகியுள்ளன. பெயரும் புகழும் கருத்தை எவ்வளவு வழிநடத்துகின்றன என்பதை அந்தச் சோதனை காட்டியது. மாத நாவலின் அட்டையைக் கிழித்துவிட்டும், விருது நாவலின் பின்னட்டையை மறைத்துவிட்டும் படித்தால் தமிழ் வாசகர்களின் தீர்ப்புகளும் கொஞ்சம் இடம் மாறும். ஜார்ஜ் ஆர்வெல் 1945இல், இலக்கியத் தகுதி கோராமலேயே நீடித்து வாழும் நல்ல சாதாரண நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அத்தகைய கட்டுரை தமிழில் துரைசாமி ஐயங்காரைப் பற்றியும் ராஜேஷ்குமாரைப் பற்றியும் எழுதப்பட வேண்டியது.

மொழிபெயர்ப்பு நாவலைப் பற்றிக் கருத்துச் சொல்பவர் மொழிபெயர்த்தவரின் பெயரைச் சொல்லாமல் விடுவது தமிழில் பரவலான வழக்கம். நடை தடுக்கியது என்றால் அது மூலத்தின் கரடா, தமிழின் கரடா என்று கேட்க வேண்டும். தொடராக வந்த நாவலுக்கும் இதுபோல் ஒரு கேள்வி உண்டு. வாரந்தோறும் ஒரு கொக்கி போட்டு நிறுத்திய எழுத்தைப் புத்தகமாக ஒரே மூச்சில் படித்தால், அந்தக் கொக்கிகள் எரிச்சலூட்டும். அது தொடர்கதைக்கு உரிய உறுப்பு என்று அறிந்தவர் அதைப் பொறுத்துக்கொள்வார். அறியாதவர் ஆசிரியரின் திறமைக் குறைவு என்பார். பாதியில் நிறுத்திய நாவலைப் பற்றிய கருத்தும் மதிப்புள்ளதே, எந்தப் பக்கத்தில் ஏன் நிறுத்தினார் என்று சொன்னால். இந்த விவரங்கள் இருந்தால், எதிர்க் கருத்து கொண்டவரும் அந்தக் குறிப்பிலிருந்து ஒன்றைப் பெற முடியும். இவை இல்லாத தீர்ப்பைச் சொன்னவரின் நண்பர்கள் மட்டுமே ஏற்பார்கள்.

வகைநாவல்களைப் பற்றி நியாயமான கருத்து உருவாக, அந்த நாவல்கள் முதலில் கிடைக்க வேண்டும். மாத நாவல்கள் மலிவான தாளில் அச்சாகிப் பழைய பேப்பர் கடைக்குப் போயின. பெரும்பாலான நூலகங்கள் அவற்றைப் பாதுகாக்கவில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தன் சொந்த ஆர்வத்தால் இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் வெகுஜன நாவல்களையும் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் அதை வைத்தே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ரங்கராஜுவையும் கோதைநாயகி அம்மாளையும் இன்று ஆய்வாளர்கள் படிக்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் ஒரு வாசகர் அவற்றைத் தள்ளாமல் வைத்திருந்ததுதான். பின்னால் வந்த மாத நாவல்களும், தெலுங்கிலிருந்து தமிழாகி அச்சு நின்றுபோன நாவல்களும் இன்னும் பல வீடுகளின் பரணில் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடும் முன் அருகிலுள்ள ஆய்வு நூலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். எந்த ஆண்டில் படித்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று ஒவ்வொரு நூலின் உள்ளட்டையிலும் நான்கு வரி எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.